நிலை வைத்த வீடு, கட்டு உயர்ந்த குளம்: மாறும் பொருள் அதுவாகவே இருப்பது எப்படி?

வட இலங்கையில் கிளிநொச்சியை அடுத்துள்ள இரணைமடுக் குளத்தின் கட்டு 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பப்பட்டு, அதன் பின்னர் பலமுறை உயர்த்தப்பட்டது. 2018இல் முடிவுற்ற பெரும் புனரமைப்பில் 34 அடியாக இருந்த நீர் கொள்ளும் மட்டம் 36 அடியாக்கப்பட்டது. அந்த ஆண்டு மார்கழி மழையில் குளம் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டபோது, கிளிநொச்சி மக்கள் "இரணைமடு நிரம்பிவிட்டது" என்றுதான் சொன்னார்கள். கட்டில் புதிய மண் ஏறியிருந்தது; குளத்திலிருந்த தண்ணீர் அந்த மாரிக்கு முன் அங்கே இருந்ததில்லை; முதல் கட்டுக்கு மண் சுமந்தவர்கள் எல்லோரும் எப்போதோ இறந்துவிட்டார்கள். ஆயினும் குளம் அதே குளம் என்பதில் ஒருவருக்கும் ஐயம் எழவில்லை.

ஐயம் எழாத இடத்தில் கேள்வி எழுப்புவது வீண்வேலை போலத் தோன்றலாம். ஆனால் அந்த ஒற்றைச் சொல்லை, "அதே" என்பதை, நம்பியே ஒரு பெரும்பகுதி வாழ்க்கை நடக்கிறது. இரணைமடுவின் கீழ் வயல் வைத்திருப்பவருக்குச் சிறுபோகத்தில் நீர்ப்பங்கு கிடைப்பது, அவருடைய தகப்பனாருக்குப் பங்கிருந்த குளமும் இன்று நிற்கும் குளமும் ஒன்றே என்று எல்லோரும் ஒப்புக்கொள்வதால்தான். கட்டை உயர்த்திய அன்றே பழைய குளம் அழிந்து புதிய குளம் பிறந்தது என்று ஒருவர் நிறுவிவிட்டால், பழைய உரிமைகள் எதன்மேல் நிற்கும்? பொருள்கள் மாறியும் அவையாகவே இருப்பது எப்படி என்ற வினாவை மெய்யியலாளர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கைவிடாமல் இருப்பதற்கு இத்தகைய காரணங்களும் உண்டு. இடப்பெயர்வும் மீள்குடியேற்றமும் கண்ட வன்னியில் இருந்து பார்க்கும்போது அந்த வினாவின் சில பக்கங்கள் கூடுதல் தெளிவாகத் தெரிகின்றன என்பது என் எண்ணம்.

முதலில் சொல்லிலேயே கிடக்கும் இரண்டு சிக்கல்களை அவிழ்த்துவிட வேண்டும். "அவனும் அதே சைக்கிள்தான் வைத்திருக்கிறான்" என்று சொல்லும்போது, ஒரே வகையான இரண்டு சைக்கிள்களைக் குறிக்கிறோம். "களவுபோன அதே சைக்கிள்தான் இது" என்னும்போது ஒன்றை மட்டுமே குறிக்கிறோம். முன்னையது ஒப்புமை, பின்னையது ஒருமை. கடையில் அடுக்கிவைத்த இரண்டு புதிய சைக்கிள்கள் முழுவதும் ஒத்திருந்தும் இரண்டே. முப்பது வருடம் ஓடித் துருப்பிடித்த ஒன்று, வாங்கிய நாளில் இருந்த தோற்றத்தை அறவே இழந்தும் ஒன்றே.

அடுத்த சிக்கல் "அடையாளம்" என்ற சொல். ஒரு பொருளை நாம் எதைக்கொண்டு அறிகிறோமோ அந்தக் குறியையும், ஒரு பொருளை அதுவாக ஆக்குவது எதுவோ அதையும் தமிழ் ஒரே சொல்லால் சுட்டுகிறது. போர் முடிந்தபின் முல்லைத்தீவுப் பக்கம் கைவிடப்பட்ட வாகனங்களும் சைக்கிள்களும் குவியல் குவியலாகக் கிடந்தன. தம்முடையதைத் தேடியவர்கள் இருக்கையில் கட்டிய துணியையோ, கைபிடியின் வளைவையோ, சட்டத்தில் வெட்டிய எழுத்தையோ கொண்டு கண்டுபிடித்தார்கள். அந்தத் துணி அறுந்து போயிருந்தால் சைக்கிளைக் கண்டுபிடிக்க முடியாமல் போயிருக்கும். ஆனாலும் அது அவர்களுடைய சைக்கிளாகவே அந்தக் குவியலில் கிடந்திருக்கும். கண்டறிவது வேறு, இருப்பது வேறு. வாகனப் பதிவில் சேசி (அடிச்சட்ட) இலக்கம் இருப்பதும் கண்டறிவதற்கான ஏற்பாடே. ஆயினும் எஞ்சினை மாற்றினால் வாகனம் அதே வாகனம், சேசியை மாற்றினால் வேறு வாகனம் என்று நாம் பேசத் தொடங்கும்போது, கண்டறிவதற்கு வைத்த குறி மெல்ல இருப்பின் இடத்தில் ஏறி அமர்ந்துவிடுகிறது. இந்த நழுவலைக் கவனிக்காத விவாதங்கள் நெடுநேரம் ஓடியும் ஓரிடமும் சேர்வதில்லை.

இந்த வினாவுக்கு மேற்கில் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு தீசியசின் கப்பல். கிரேக்க வீரன் தீசியஸ் கிரீட் தீவிலிருந்து மீண்டு வந்த முப்பது துடுப்புக் கப்பலை ஏதென்சு மக்கள் பேணிவந்தார்கள் என்றும், உக்கிய பலகைகளை அகற்றிப் புதியவற்றைப் பொருத்தினார்கள் என்றும், அதனால் அந்தக் கப்பல் வளர்ச்சி பற்றிய மெய்யியல் வழக்குகளுக்கு எடுத்துக்காட்டாயிற்று என்றும் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டாக் எழுதுகிறார். பலரும் விட்டுவிடும் ஒரு செய்தியும் உண்டு. ஆண்டுதோறும் டீலோஸ் தீவுக்கு ஒரு புனிதப் பயணத்துக்காகக் கப்பல் அனுப்பப்படும். அது தீசியஸ் சென்ற கப்பல் என்றே ஏதென்சு மக்கள் சொல்லிவந்தார்கள். அது திரும்பும்வரை நகரத்தில் யாரையும் கொல்லலாகாது. கி.மு. 399இல் சோக்கிரதீசுக்குத் தீர்ப்பளித்தபின் தண்டனை தாமதமானது அந்தக் கப்பல் இன்னும் வந்துசேராததால்தான். பலகைகள் மாறிய கப்பலை அதே கப்பல் என்று ஒரு நகரமே ஏற்றுக்கொண்டிருந்தது. அந்த ஏற்பு ஒரு மனிதருக்குச் சில கிழமை உயிர் கொடுத்தது.

1655இல் ஆங்கில மெய்யியலாளர் தோமஸ் ஹொப்ஸ் இந்த எடுத்துக்காட்டை மேலும் முறுக்கினார். அகற்றிய பழைய பலகைகளை ஒருவர் சேர்த்துவைத்து, அதே ஒழுங்கில் பொருத்தி இன்னொரு கப்பல் கட்டினால் என்ன? பேணப்பட்டு வந்த கப்பல் ஒன்று, பழைய பலகைகளாலான கப்பல் ஒன்று. இரண்டும் தீசியசின் கப்பல் என்றால் ஒன்று இரண்டாகிவிடும். ஹொப்ஸ் தந்த விடை, எந்தப் பெயரைக்கொண்டு கேட்கிறோம் என்பதில் தங்கியிருக்கிறது. "இது அதே மரமா, அதே சடப்பொருளா" என்று கேட்டால் ஒரு விடை. "இது அதே கப்பலா" என்று கேட்டால் மற்றொரு விடை. பெயரில்லாமல் "இது அதுவா" என்று மட்டும் கேட்பது, அலகு சொல்லாமல் "எவ்வளவு" என்று கேட்பதைப் போன்றது.

ஹொப்ஸ் கற்பனையில் வைத்ததை மன்னார் மண் வரலாற்றில் கண்டிருக்கிறது. ஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரச் சிவன் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தார்கள்; அதன் கற்கள் மன்னார்க் கோட்டைக்கும் தேவாலயங்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டன என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி. ஆறுமுக நாவலர் 1872இல் அந்தத் தலத்தை மீட்கும்படி சைவ மக்களை வேண்டினார். 1903இல் சிறு கோயில் எழுந்தது. 1976இல் பெரிய திருப்பணிக்குப் பின் குடமுழுக்கு நடந்தது. பின்னர் கருங்கல்லில் மீண்டும் கட்டப்பட்டு 2022இல் குடமுழுக்குக் கண்டது. அந்தச் செய்தியின்படி பார்த்தால், பழைய கற்கள் கோட்டைச் சுவருக்குள் ஒரு கட்டடமாக நிற்கின்றன. பாலாவித் தீர்த்தக் கரையில் வேறு கற்களால் ஆன ஒரு கட்டடம் நிற்கிறது. எது சுந்தரர் "பாலாவியின் கரைமேல்" என்று பாடிய கோயில்?

கோட்டைச் சுவரைக் கைதொழுது நிற்கும் ஓர் அடியவரையும் நான் கண்டதில்லை. கல்லால் அளந்தால் கோட்டைக்கே உரிமை கூடும். ஆனால் "கோயில்" என்ற பெயரைக்கொண்டு அளந்தால் இடம், தீர்த்தம், மூர்த்தியின் பெயர், வழிபடும் மக்களின் தொடர்ச்சி ஆகியவையே எடைபெறுகின்றன. முந்நூறு ஆண்டுக்கு மேல் அங்கே கட்டடமே இருக்கவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. அந்தக் காலம் முழுவதும் தொடர்ந்தது, அந்த இடத்தில் ஒரு கோயில் இருந்தது, இருக்கவேண்டும் என்ற நினைவும் பதிகங்களும் மட்டுமே. ஒரு பொருளை அதுவாக நிறுத்துவதற்கு நினைவு போதுமா என்று கேட்டால், தனித்து நின்று போதாது என்பேன். இடமும் தீர்த்தமும் அதற்குத் துணைநின்றன.

இதில் சைவக் கிரியை மரபு பெருங்கவனம் எடுத்திருக்கிறது என்பதை மெய்யியல் எழுத்தாளர்கள் போதிய அளவு எடுத்துப் பேசுவதில்லை. கோயிலைப் புதுக்கும்போது முதலில் பாலஸ்தாபனம் செய்வார்கள். மூர்த்தியின் ஆற்றலைக் கும்பத்துக்கு ஈர்த்து, சிறிய தற்காலிக இடத்தில் நிறுவி, அங்கே பூசையை இடைவிடாமல் நடத்துவார்கள். கருவறையை இடிக்கலாம், கல்லை மாற்றலாம், விமானத்தை உயர்த்தலாம். பின்னர் கும்பத்திலிருந்து மீண்டும் மூர்த்திக்கு ஏற்றுவார்கள். கட்டடம் இல்லாத மாதங்களிலும் கோயில் இல்லாமற் போவதில்லை. பொருள் அறுந்தாலும் செயல் அறாமல் இருந்தால் ஒருமை காக்கப்படும் என்ற கொள்கையை இதைவிடத் துல்லியமாக நடைமுறையாக்கிய ஏற்பாடு எனக்குத் தெரியாது. நம்பிக்கை இல்லாதவரும் அதன் தருக்கத்தை மதிக்கலாம்.

ஒரே ஆற்றில் இறங்குபவர்மேல் வேறு வேறு நீர் பாய்கிறது என்றார் பண்டைய கிரேக்க மெய்யியலாளர் ஹெராக்கிளைற்றஸ். கனகராயன் ஆறு அவருடைய எடுத்துக்காட்டை இன்னும் ஒரு படி நகர்த்துகிறது. வவுனியாப் பக்கம் தோன்றி, வடக்கே ஓடி, இரணைமடுவை நிரப்பிச் சுண்டிக்குளக் கடல்நீரேரியில் சேரும் அந்த ஆறு, ஆவணி மாதத்தில் பல இடங்களில் வெறும் மணல். அப்போது அதற்குள் இறங்கி நடப்பவர் ஒரு துளி நீரும் காலில் படாமல் அக்கரை சேரலாம். ஆயினும் "ஆற்றைக் கடந்து வந்தேன்" என்றே சொல்வார், சொல்வது சரியும்கூட. ஆறு என்பது நீர் என்றால் ஆவணியில் ஆறு இல்லை, மார்கழியில் மீண்டும் பிறக்கிறது. ஆறு என்பது நீர் ஓடுவதற்கு அமைந்த வழி என்றால், நீர் மாறுவது சிக்கலே இல்லை. மாறாத நீர்தான் சிக்கல், அது குட்டை. சில பொருள்களுக்கு மாறுவதே அவற்றின் இயல்பு, மாற்றம் நின்றால் அவை அவையாக இருப்பதும் நின்றுவிடும் என்ற பாடம் இங்கே கிடைக்கிறது.

20ஆம் நூற்றாண்டின் மெய்யியலில் குவைன், டேவிட் லூயிஸ் போன்றோர் வளர்த்த ஒரு பார்வை, பொருள்கள் இடத்தில் நீண்டிருப்பதுபோலவே காலத்திலும் நீண்டிருக்கின்றன என்கிறது. வவுனியாவில் தெரியும் ஆறும் கிளிநொச்சியில் தெரியும் ஆறும் ஒரே ஆற்றின் இரு பகுதிகள் என்பதுபோல, 1960இன் இரணைமடுவும் இன்றைய இரணைமடுவும் ஒரே நீண்ட பொருளின் இரு காலப்பகுதிகள். தருக்கத்துக்கு இது அழகான விடை. ஆனால் எந்தப் பகுதிகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு பொருள் என்பது என்ற வினா அப்படியே மிஞ்சியிருப்பதால், எனக்கு இது முழு நிறைவு தருவதில்லை.

உயிருள்ளவற்றைப் பற்றி ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக் 1694இல் எழுதியவை இன்றும் நிற்கின்றன. ஒரு மண்குவியலிலிருந்து ஒரு துகளை எடுத்தாலும் அது வேறு குவியல். ஆனால் ஒரு மரம் கன்றாக இருந்து வளர்ந்து, கிளை வெட்டப்பட்டும் அதே மரம், ஏனெனில் பகுதிகளை ஒரே உயிர்வாழ்வுக்குள் ஒழுங்குபடுத்தும் அமைப்பு தொடர்கிறது. வடலியாக நின்று ஓலை உதிர்த்து உதிர்த்து உயர்ந்த பனையை நினைத்தால் போதும். நம் உடம்பும் அப்படியே: செங்குருதி அணு ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து மறைகிறது. ஏழு ஆண்டில் உடம்பு முழுவதும் புதிதாகிவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுவது மட்டும் பிழை. பல்லின் எனாமல் புதுப்பிக்கப்படுவதில்லை, கண்வில்லையின் நடுப்பகுதி பிறக்கும் முன்பே உருவாகி வாழ்நாள் முழுவதும் இருக்கிறது.

தமிழ்ப் பௌத்தம் இந்த இடத்தில் கடினமான கேள்வியை வைத்தது. 19 பாடல்களளவில் மட்டுமே எஞ்சியுள்ள குண்டலகேசியில், பாளைப் பருவம் செத்து, பாலன் செத்து, காளை செத்து, இளமையும் செத்து மூப்பு வருகிறது என்று எண்ணிச் சென்று, "நாளும் நாள் சாகின்றாமால் நமக்குநாம் அழாதது என்னோ" என்று ஒரு பாடல் முடிகிறது. ஒவ்வொரு மாற்றமும் ஓர் அழிவு என்றால், நாம் தொடர்கிறோம் என்பது வெறும் பழக்கம். சைவ சித்தாந்திகள் சற்காரியவாதத்தைக் கொண்டு மறுத்தார்கள்: உள்ளது போகாது, இல்லது வாராது, தோற்றம் மாறுகிறது, இருப்பு மாறுவதில்லை. இந்த இரண்டுக்கும் இடையில் சமணர் நின்றார்கள். சமண ஆசிரியர் சமந்தபத்திரர் ஆப்தமீமாம்சை என்ற நூலில் தரும் உவமை எளியது. பொற்குடத்தை உருக்கி முடி செய்கிறார்கள். குடம் வேண்டியவர் அழுகிறார். முடி வேண்டியவர் மகிழ்கிறார். பொன் வேண்டியவர் அமைதியாக இருக்கிறார். மூவரும் பிழைபடவில்லை. அழிந்ததும் உண்மை, பிறந்ததும் உண்மை, நிலைத்ததும் உண்மை.

இடம்பெயர்ந்த காலத்தில் தாலிக்கொடியை விற்கவும், பின்னர் மிஞ்சிய சிறு நகையை உருக்கி மகளுக்கு ஒன்று செய்யவும் நேர்ந்த குடும்பங்கள் வன்னியில் எத்தனையோ. அம்மம்மாவின் வளையல் தோடாகிவிட்டது என்று ஒருத்தி அழும்போது, பவுண் அப்படியே இருக்கிறதே என்று ஆறுதல் சொல்பவர் உண்மையைத்தான் சொல்கிறார். ஆனால் அவள் இழந்த பொருளைப் பற்றி அவர் பேசவில்லை.

இதனால் ஒருமை என்பது அவரவர் விருப்பம் என்று ஆகிவிடாது. பொருளின் வகைதான் எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்று வரையறுக்கிறது. மடு அன்னையின் திருச்சொரூபம் 1670இல் மாந்தையிலிருந்து மடுவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது குருமார் அதைத் தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்றார்கள். அந்த ஆவணியில் அது மீண்டும் மடுவுக்கு வந்தது. அந்த மாதங்களில் தேவாலயக் கட்டடம் மடுவிலேயே நின்றது. அச்சொட்டாக அதே போல் ஒரு சொரூபத்தைச் செதுக்கி அங்கே வைத்திருந்தால் யாரும் நிறைவடைந்திருக்க மாட்டார்கள். இங்கே வடிவம் போதாது, பயன் போதாது. அந்தச் சொரூபமே வேண்டும், ஏனெனில் அதுவே மாந்தையிலிருந்து காட்டுவழி வந்தது. குளத்தின் மண்ணை மாற்றலாம், சொரூபம் எதனால் ஆனதோ அதை மாற்ற முடியாது. கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம், போரின் கடைசிக் காலத்தில் சரிந்து விழுந்து, பின்னர் பல ஆண்டு அப்படியே காட்சிக்கு இருந்த தண்ணீர்த் தாங்கி மூன்றாவது வகை: விழுந்தபின் அது தண்ணீர்த் தாங்கி என்ற பெயரை இழந்து நினைவுப்பொருள் என்ற பெயரைப் பெற்றது. அதை நிமிர்த்திச் செப்பனிட்டிருந்தால் தாங்கி மீண்டிருக்கும், நினைவுப்பொருள் அழிந்திருக்கும்.

லொக் சொன்ன இன்னொன்று என்னை நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது: ஒரு பொருளுக்கு இரண்டு தொடக்கங்கள் இருக்க முடியாது. வவுனிக்குளம் போன்ற பழைய குளங்கள் உடைப்பெடுத்து, நூற்றாண்டுகள் காடாய்க் கிடந்து, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மீளக் கட்டப்பட்டன. காட்டுக்குள் கிடந்த காலத்தில் குளம் இருந்ததா? நீர் தேங்காத, வயல் பாய்ச்சாத மண்மேட்டைக் குளம் என்று சொல்ல என் நா எழவில்லை. ஆனால் மீளக் கட்டியவர்கள் புதிய குளம் கட்டியதாகவும் சொல்லவில்லை. இருந்து, இல்லாமற்போய், மீண்டும் அதுவாகவே இருப்பது சில பொருள்களுக்கு இயலும் என்றே நினைக்கிறேன். கழற்றிப் பூட்டிய சைக்கிளுக்கு அது இயலும் என்றால், கட்டு கிடந்த இடத்திலேயே, அதே தாழ்வை மறித்து எழுந்த குளத்துக்கு ஏன் இயலாது?

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியை என்னால் முடிக்க இயலாது. 2008இல் கிளிநொச்சியை விட்டுப் புறப்படும்போது, மற்றவர்களைப்போல நாங்களும் வீட்டைக் கழற்றினோம். ஓடும் தீராந்தியும் கதவும் முதிரையால் செய்த வாசல் நிலையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறின. சுவர் அங்கே நின்றது. கூரை எங்களோடு தர்மபுரத்துக்கு வந்தது. வீடு எங்கே இருந்தது என்று அப்போது ஒருவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று தெரியவில்லை. அங்கிருந்தும் புறப்பட்டபோது எல்லாவற்றையும் ஒரு பனங்கூடலுக்குள் விட்டுப் போனோம். 2010இல் திரும்பி வந்து தேடியபோது நிலை மட்டும் கிடந்தது. பழைய அத்திவாரத்தின்மேல், பழையதைவிடச் சிறிதாக, கட்டுக்கல்லால் புது வீடு எழுந்தது. நிலை அந்தச் சுவருக்கு உயரம் கூடியதாயிருந்ததால், மேசன் ஒரு வரிசைக் கல் கூட்டி வைத்தார்.

நிலை வைக்கும் நாளில் மேசன் அம்மாவிடம், "பழைய நிலைதானே அம்மா, இதுக்கும் நாள் பாக்கவேணுமோ?" என்று கேட்டார். அம்மா சொன்னார்: "நிலை பழசுதான் தம்பி. வைக்கிறது புதுசுதானே. நாள் பாத்துத்தான் வைக்கவேணும்." லொக்கின் சிக்கலுக்கு வழி அதிலே இருந்தது. பொருளுக்குத் தொடக்கம் ஒன்றுதான். அது ஒரு வீட்டுக்குள் சென்று நிற்பதற்குத் தொடக்கங்கள் பல இருக்கலாம். நம் மொழி கதவைத் தாங்கும் சட்டத்தையும், மாறாது நிற்பதையும், இருக்கும் தன்மையையும் ஒரே சொல்லால் நிலை என்று சொல்வது எனக்கு அன்றுதான் உறைத்தது.

அந்த நிலையில் இப்போது தொங்கும் கதவு மீண்டு வந்தபின் செய்தது. கீழ்ப்படியைக் கறையான் தின்றதால் சில ஆண்டுகளுக்குமுன் மாற்றினோம். தலைமரமும் இரண்டு கால்களும் அப்பா வெட்டுவித்த முதிரை. ஒரு கால் உக்கினால் ஒட்டுப்போட்டு மாற்றலாம், மற்றக் காலும் தலைமரமும் அதைத் தாங்கி நிற்கும்; சில ஆண்டு கழித்து மற்றக் காலையும் மாற்றலாம், அப்போது முதலில் மாற்றிய கால் அந்த நிலையின் பழைய காலாக ஆகியிருக்கும். மூன்றையும் ஒரே நாளில் கழற்றிப் புதியதைப் பூட்டினால், அளவும் மரமும் அச்சொட்டாக இருந்தாலும், அதற்கு வேறு நாள்தான் பார்க்க வேண்டும்.